எங்கள் வீட்டில் எத்தனை ஊமை

1

எனக்கு அறுபத்திரண்டு வயது. பெற்றது ஒன்பது, தங்கினது ஆறு. தாயில்லாமல் போன மைத்துனர் பிள்ளை ஒருவனையும் சேர்த்தால் வளர்த்தது ஏழு. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் நான் சொல்வதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்குக் குழந்தைகளைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அந்த ஏழு பேரும் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுதும்போது எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கற்றது. எதிரே உட்கார்ந்ததால் வெகுநாள் வரை எனக்குத் தலைகீழாகத்தான் படிக்க வந்தது. இப்போது நேராகவும் வருகிறது. அதற்குமேல் ஒரு கிழவிக்கு என்ன வேண்டும்?

கல்கத்தாவுக்கு வந்து இந்த மாசியோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் இரண்டாவது பிள்ளை சாமாவுக்கு இங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். என் ஆத்துக்காரர் தாலுக்கா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நானும் அவரும் மூட்டை கட்டிக்கொண்டு இவனோடு வந்துவிட்டோம். பவானிபூரில் ஒரு சந்தில் வீடு. டிராம் சத்தம் கேட்கும், டிராம் தெரியாது.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் தன் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். அடுத்த சந்தில் குடியிருக்கிறாள். பையன் முதுகெல்லாம் வேர்க்குரு.

"தெருப்பக்கத்து ஜன்னலை எல்லாம் சாத்தியே வச்சிருக்கேன், மாமி" என்றாள்.

"ஏண்டி, கொசுவா?"

"இல்லை மாமி. பெங்காலி காதுல விழுந்துண்டே இருந்தா கொழந்தைக்குத் தமிழ் ஏறாதாமே. இவா அத்தை சொல்லியனுப்பிச்சா."

"அத்தை எங்கே இருக்கா?"

"கும்மோணத்துல."

"அங்கேருந்து ஜன்னலைச் சாத்தறாளா? கெட்டிக்காரிதான். நீ போய்த் திற. கொழந்தை வெந்துண்டிருக்கான்."

காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலைச் சாத்தினவளைப் பார்த்துச் சிரித்தேனே, நான் செய்தது அதைவிடப் பெரிய காரியம். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கை வருகிறதா பார்க்கிறேன்.

2

குழந்தைக்கு நாம் பேச்சுச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று எல்லாத் தாய்மாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் ஏழு பேரிடம் "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று மன்றாடியிருக்கிறேன். என் மூத்தவன் முதன்முதலில் சொன்னது, பால்காரனை நான் வைத வசவு. சுத்தமாக, ஓர் எழுத்துப் பிசகாமல், என் மாமனாரைப் பார்த்துச் சொன்னான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்த அம்மா வர இன்னும் இரண்டு மாசம் ஆயிற்று.

ஒன்பதாம் மாசமே பேச ஆரம்பித்தவன் இன்றைக்கு வக்கீலாக இருக்கிறான், நிறுத்தவேயில்லை. மூன்று வயது வரை வாயைத் திறக்காத பெண், திறந்த அன்றைக்கே "எனக்கு இன்னும் கொஞ்சம் நெய் விடு" என்று முழுசாகச் சொன்னாள். அவ்வளவு நாள் அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று நான் யோசித்ததுண்டு. வெளியே தெரியாமல் உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நம் வீட்டு மாமியார்கள் நகை சேர்ப்பதுபோல.

இவ்வளவும் தெரிந்த நான்தான் பேத்தி விஷயத்தில் புத்தியைத் தொலைத்தேன்.

மீனு, சாமாவின் பெண். மூன்றரை வயது வரை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கும். உள்ளே பாத்திரம் மூடி விழுந்தால் மாடியிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். "செம்பை எடுத்துண்டு வா" என்றால் எடுத்து வருவாள். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. ஏதாவது வேண்டுமானால் விரலைச் சொடுக்குவாள்.

விரலைச் சொடுக்குவது யாரிடம் கற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஆத்துக்காரர், வேலை விட்டு வந்த நாளிலிருந்து, காலையில் நாலு மணி நேரம் ஜபம். சாப்பிடும்போது மௌனம். பிறகு தூக்கம். சாயங்காலம் மறுபடி ஜபம். உப்பு வேண்டுமென்றால் ஒரு சொடுக்கு, மோர் வேண்டுமென்றால் இரண்டு. முப்பது வருஷம் தாலுக்கா ஆபீஸில் கத்தித் தீர்த்த மனுஷர், பேசாமலிருப்பது எங்களுக்கும் சௌக்கியமாகத்தான் இருந்தது.

நானோ, மடி. விடியலில் குளித்து ஈரப் புடவையோடு அடுப்படிக்குள் நுழைந்தால் உச்சிப்பொழுது வரை யாரும் என்னைத் தொடக்கூடாது. குழந்தைக்கு அது தெரியுமா? ஓடி வரும். "வராதே." தள்ளி நிற்கும். "தொடாதே. அங்கே உக்காராதே. தள்ளிப் போ." அடுப்படியிலிருந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பேன். அதன் அம்மா ஜானகி எனக்குப் பயந்தவள், அவளும் அதையே சொல்வாள். சாமா இருட்டிய பிறகுதான் ஆபீஸிலிருந்து வருவான்.

குழந்தையைப் பார்த்துக்கொண்டது கீரோதா. எங்கள் வீட்டு வேலைக்காரி. பெங்காலிப் பெண்பிள்ளை, நாற்பது வயது, புகையிலை போடுவாள். அடுப்படிக்குள் அவளுக்கு இடம் கிடையாது. பின்கட்டு முற்றம் அவளுடைய ராஜ்யம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே குழந்தையிடம் ஓயாமல் வளவளப்பாள். அந்த வளவளப்புதான் குழந்தையைக் கெடுக்கிறது என்று நான் தீர்மானித்தேன்.

டாக்டர் ஒருவரை வரவழைத்தோம். கோட்டு போட்டவர். நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். காதோரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். பிறகு சாமாவிடம் இங்கிலீஷில் சொன்னதை அவன் எனக்குச் சொன்னான்: குழந்தையின் தலை ஒரு சின்னப் பெட்டி. இரண்டு மூன்று பாஷையைத் திணித்தால் மூடி திறக்காது. ஒன்றே ஒன்றை வையுங்கள்.

பெட்டி என்றதும் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. புரிகிறதெல்லாம் நிஜம் என்று நினைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அன்று சாயங்காலமே கீரோதாவை நிறுத்திவிட்டேன். அவள் எதிர்வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பெட்டி திறக்கவில்லை. மீனு சொடுக்குவதையும் விட்டாள்.

3

அந்தச் சமயத்தில்தான் ஜனக்கணக்கு வந்தது. சர்க்கார், ஊரில் உள்ள எல்லாத் தலைகளையும் எண்ணுகிறார்கள். எங்கள் சந்துக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பெங்காலிக்காரர், கக்கத்தில் குடை, கையில் பெரிய தாள். முதலில் ஒரு தடவை வந்து பென்சிலால் எழுதிக்கொண்டு போவார்கள். மூன்று வாரம் கழித்து, குறித்த தேதியில், விளக்கு வைத்த பிறகு வந்து சரிபார்த்து மையால் எழுதுவார்கள். அன்று வீட்டில் இல்லாதவர் பெயர் அடிபட்டுப் போகும்.

அவர் முதலில் வந்தபோது சாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தான். ஜானகி வேற்று மனிதர் முன்னால் வரமாட்டாள். கூடத்தில் நாங்கள் மூன்று பேர்.

வாத்தியார் இவரைப் பெயர் கேட்டார். இவர் ஜபத்தில் இருந்தார், கண்ணைத் திறந்து இரண்டு சொடுக்குப் போட்டு மூடிக்கொண்டார். என்னைக் கேட்டார். எனக்குப் பெங்காலி எல்லாம் புரியும், அன்றைக்கும் புரிந்தது. ஆனால் வாயில் இருந்தது நாலே சொல்: கத்திரிக்காய், புளி, எவ்வளவு, வேண்டாம். அந்த இடத்துக்கு நாலும் பொருந்தவில்லை. தலையை ஆட்டினேன். அவர் குனிந்து குழந்தையைக் கேட்டார். குழந்தை என்னைப் போலவே தலையை ஆட்டிற்று.

அந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. பைத்தியம், குருடு, குஷ்டம், செவிட்டூமை, இவற்றில் ஏதாவது உண்டா என்று எழுதுவதற்கு. சாமா திரும்பி வந்தபோது அவர் எங்கள் மூன்று பேரையும் ஊமை என்று எழுதி முடித்து, பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமா பதறிப்போய் இரண்டு பேரை அழிக்கச் சொன்னான்.

"இந்தக் குழந்தை?" என்றார் வாத்தியார்.

சாமா பொய் சொல்லத் தெரியாதவன். அது அவன் அப்பாவிடமிருந்து வந்ததல்ல. "இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை" என்றான்.

"வயது?"

"மூன்றரை."

வாத்தியார் ரப்பரைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாஷை என்ன என்று கேட்டார். தமிழ் என்றான் சாமா. அதையும் எழுதிக்கொண்டார், அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை.

அவர் போனதும் நான் அந்தக் கட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் குழந்தை. சர்க்கார் தாளில் ஊமை என்று மையால் ஏறிவிட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்? சம்பந்தம் பேச வருகிறவர்கள் அந்தத் தாளை எங்கே போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றோ, வேறு ஊரிலும் இதே தாள்தான் வரும் என்றோ எனக்கு அப்போது தோன்றவில்லை. என் மனசில் அது ஊர் ஊராகக் கோயில் வாசலில் ஒட்டப்பட்டிருந்தது.

"டேய் சாமா" என்றேன். "அந்தத் தேதிக்குக் கொழந்தை இந்தாத்துல இருக்கப்படாது. ஜானகியையும் கொழந்தையையும் அவ அப்பாகிட்ட அனுப்பிடு."

"எத்தனை நாளைக்கு?"

"அங்கே தமிழ் தவிர வேறொண்ணும் காதுல விழாது. பேச்சு வரட்டும். வந்தப்பறம் அழைச்சுண்டு வரலாம்."

"வரலேன்னா?"

ஒரு பெண்ணைத் தேதி சொல்லாமல் பிறந்தகத்துக்கு அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்படியில் ஜானகிக்கும் கேட்டது. அன்று ரசத்தில் உப்பு அதிகம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமா மறுநாள் டிக்கெட் வாங்கி வந்தான்.

4

அவர்கள் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. கல்கத்தா வெயிலை வீணாக்கக்கூடாதென்று மொட்டைமாடியில் வடாம் பிழிந்திருந்தேன். பிற்பகலில் காக்கையை ஓட்ட மாடியேறினேன். மடிப்புடவையோடுதான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. அந்நியர் யாரோ மாடிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

மீனு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு குடித்தனம் வைத்திருந்தாள். துணி சுற்றிய துடைப்பக்கட்டை ஒன்று, கறுப்புக் கல் ஒன்று, பித்தளை மூடி ஒன்று, தேங்காய்ச் சிரட்டைகள்.

துடைப்பக்கட்டை பெங்காலியில் பேசிற்று. கீரோதாவின் குரல், புகையிலை அடக்கின வாய். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் மீனு என்று கேட்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மீனு தன் குரலில், பெங்காலியில், ரசஞ்சாதம், உப்பு அதிகம், அம்மா அழுதாள் என்றாள். ஏன் அழுதாள் என்றது துடைப்பக்கட்டை. மறுபடி சும்மா இருந்தது.

நாலு வார்த்தைக்காரியான எனக்கு அது அத்தனையும் புரிந்தது.

பிறகு மீனு அந்தக் கறுப்புக் கல்லைக் கையில் எடுத்தாள். "தொடாதே. அங்கே வைக்காதே. எத்தனை தடவை சொல்றது. தள்ளிப் போ. மடி." தமிழ். சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ். என் குரல், என் இழுப்பு, என் மூச்சு விடுகிற இடம் கூட. பித்தளை மூடி பக்கத்தில் ஒரு சொடுக்குப் போட்டது.

கல்லுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிரட்டைகள் தள்ளிப் போயின.

இவளுக்குத் தமிழ் வராமலில்லை. இவள் காதில் விழுந்த தமிழ் முழுவதும் பதில் வேண்டாத தமிழ். நாங்கள் இவளிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதேயில்லை. கேட்டாலும் பதிலுக்கு நிற்கவில்லை, நாங்களே சொல்லிவிட்டுப் போய்விட்டோம். தமிழ் கேட்டுக்கொள்வதற்கான பாஷை, பேசுகிற பாஷை முற்றத்தில் இருக்கிறது என்று குழந்தை கணக்குப் போட்டு வைத்திருந்தது. கணக்கில் ஒரு தப்புமில்லை. பேசுகிற பாஷையை நான் எதிர்வீட்டுக்குத் துரத்திவிட்டேன். குழந்தை துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. கல்லையும் நல்லதாகத்தான் பொறுக்கியிருந்தாள். கனமான கல்.

நான் மெள்ளப் பக்கத்தில் போனேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மீனு" என்றேன். "பாட்டி இங்கே உக்காரட்டுமா?"

கேட்டுவிட்டு நின்றேன். பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "சொல்லேண்டி" என்று நாக்கு நுனியில் வந்து முட்டிற்று. கடித்துக்கொண்டேன். ஒரு காக்கை வந்து வடாத்தில் உட்கார்ந்தது. ஓட்டவில்லை. இரண்டாவது காக்கையும் வந்தது.

மீனு என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரு" என்றாள். "மடி."

நான் தள்ளி உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டின வயதில் என்னைத் தள்ளி உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான். சற்றுக் கழித்து ஒரு சிரட்டையை என்னிடம் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். அன்று நான் மறுபடி குளித்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

5

அன்று ஞாயிற்றுக்கிழமை, சாமாவும் வீட்டில் இருந்தான். கீழே வந்து சொன்னேன். சாமா நம்பவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு, "சொல்லு, சொல்லு, பாட்டிகிட்ட சொன்னதைச் சொல்லு" என்று நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். அது கல்லாக நின்றது. ஜானகி மட்டும் என் முகத்தைப் பார்த்து, "நிஜமாவா அம்மா?" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுவென்று நினைக்கிறேன்.

"டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடு" என்றேன்.

"அந்த வாத்தியார் வரச்சே பேசலேன்னா? மையால எழுதிடுவாரே" என்றான் சாமா.

"எழுதட்டும்" என்றாள் ஜானகி, அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே. சாமா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் குழாயடிக்குப் போனேன். கீரோதா சாம்பல் போட்டு வாணலி தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"யாரு, மதராஸி கின்னிமாவா? வழி தவறிட்டீங்களா?" என்றாள். கின்னிமா என்றால் வீட்டு எஜமானி. அவள் சொன்ன விதத்தில் அதில் எஜமானி ஒன்றும் பாக்கியில்லை. அவள் பேசினது பெங்காலி, நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் வாயைத் திறந்தேன். "மீனு. பேச்சு. நீ வா." பெங்காலியில் அவ்வளவுதான் கூட்ட முடிந்தது.

"மீனு பேசமாட்டான்னு யார் சொன்னது? முற்றத்துல வாய் ஓயாதே அவளுக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். வார்த்தை கிடைக்காமல் கையை விரித்தேன். அவள் புரிந்துகொண்டாள்.

"என்னை யார் கேட்டாங்க?" என்றாள். வாணலியைக் கவிழ்த்தாள். "நீங்க வந்த புதுசுல இந்தச் சந்துல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? மதராஸிலேர்ந்து ஒரு போபா மாமியார் வந்திருக்கான்னு. போபான்னா ஊமை. வருஷக்கணக்கா நீங்களும்தான் பேசலை. உங்களை யாராவது ரயில் ஏத்தினாங்களா?"

ஒரு சொல் விடாமல் புரிந்தது. நல்ல பதிலும் இருந்தது, தமிழில். அது அங்கே செல்லாது. நிறைய வைத்துக்கொண்டு வாயில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் குழாயடியில் தெரிந்துகொண்டேன்.

கீரோதா கையைக் கழுவினாள். "வர்றேன். ஆனா நான் குழந்தையோட பேசறப்போ யாரும் உஸ்ஸுன்னு சொல்லக்கூடாது. ஜபம் பண்றவரும்தான்."

குறித்த நாள் விளக்கு வைத்ததும் வாத்தியார் வந்தார், மைக்கூட்டோடு. இவர் ஜபத்தில் உட்கார்ந்திருந்தார். ஜானகி அன்று முதல்முறையாகக் கூடத்துக்கு வந்து தூணோரம் நின்றாள். வாத்தியார் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து குழந்தையிடம் நிறுத்தினார். பேனாவை மையில் தோய்த்தார்.

கீரோதா குழந்தையின் எதிரே குந்தினாள். "மீனு, இந்த பாபு ஒண்ணு கேக்கிறார். நம்ம வீட்டுல பேசாதவங்க யாருன்னு கேக்கிறார். யாரு?"

கேட்டுவிட்டு, எங்களை நோக்கிப் பின்பக்கமாக ஒரு கையைக் காட்டினாள், யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று. வாத்தியாரின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை தாளின் ஓரத்தில் விழுந்தது. சாமாவின் உதடு துடித்தது. நான் அவன் காலை மிதித்தேன்.

மீனு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. பிறகு ஜபப் பலகையைக் காட்டி, தெளிவான பெங்காலியில், "தாத்தா" என்றாள். "தாத்தாதான் போபா. பாட்டிக்குக் கொஞ்சம் வரும்."

வாத்தியார் குடை நழுவ விழுந்து சிரித்தார். இவர் கண்ணைத் திறந்தார். "யாரைடீ ஊமைங்கறே?" என்று தாலுக்கா ஆபீஸ் குரலில் அதட்டினார். அதோடு ஜபம் போயிற்று.

"உங்களைத்தான்" என்றாள் மீனு, தமிழில். கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

பென்சில் எழுத்து அழிந்தது. இப்போது அவளை நிறுத்தத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. எங்களிடம் தமிழ், கீரோதாவிடம் பெங்காலி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். பெட்டி ஒன்றும் உடையவில்லை. தமிழில் பாதி பெங்காலி கலந்துதான் வருகிறது, வரட்டும். ஜன்னல் சாத்துகிற அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: திறந்து வை. குழந்தையை ஏதாவது கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

ஒன்று பாக்கி. எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி வழங்குகிறது. டாக்டர் பேச்சைக் கேட்டு அப்பா டிக்கெட் வாங்கினார், பாட்டிதான் தடுத்து நிறுத்தினாள் என்று மீனு தன் சிநேகிதிகளிடம் சொல்லுவாள். முதல் தடவை அப்படிச் சொன்னது நான். சாமா எதிரேதான் உட்கார்ந்திருந்தான், திருத்தவில்லை. ஜானகியும் திருத்தவில்லை. ஆறேழு வருஷமாக அவர்கள் இருவரும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்குமுன் இதை யாராவது ஒருதரம் படித்துப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"மீனு, இங்கே வா. இதைப் படி."

"கணக்கு போடணும் பாட்டி. என்னது, மாவடுக் கணக்கா?"

"கட்டுரை. சத்தமாப் படி. உங்கம்மாவும் கேக்கட்டும், அப்பாவும் வந்து உக்காரட்டும். மூணாவது பாகத்துல நான் சொன்னது ஒண்ணு இருக்கு. அதை வேகமாப் படிச்சுத் தாண்டிடாதே. உம், ஆரம்பி."